பின்வரிசை ஓரத்தில் அரியமுத்து

அரியமுத்து காலமானபின் வந்த முதல் பொங்கல். செந்துறை ரோடு டீம் அரியலூரில் ஆண்டுதோறும் நடத்தும் கால்பந்துப் போட்டிக்கு, அவர் மகள் வெற்றிச்செல்வி பெரம்பலூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தாள். மைதானத்தில் அப்பாவுக்கு பிளெக்ஸ் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒருநாளாவது அவரை ஆட்டக்காரராக நாலு பேர் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அரியமுத்து சுண்ணாம்புக்கல் மைன்ஸில் டிப்பர் ஓட்டியவர். ஷிப்ட் முடிந்தால், முகத்துப் புழுதியைக்கூடத் துடைக்காமல் நேரே மைதானம். பின்னால் நின்று தடுப்பதே அவர் ஆட்டம். தடுத்த பந்துக்கு யார் கைதட்டுவார்கள்? அவரும் தன்னைப் பற்றிப் பேசியதில்லை. ஓய்வுபெற்று மகள் வீட்டுக்கு வந்தபின், சாப்பிடும்போது ஊர் மறந்துவிட்ட ஆட்டக்காரர்களைச் சொல்வார். "கருப்பண்ணன் ரைட் பேக்ல நின்னா காத்துகூட அந்தப் பக்கம் போவாது." அதைக் கேட்க அவள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது சொல்ல ஆளில்லை.

மைதான வாசலில் பிளெக்ஸ் நின்றது. கண்ணீர் அஞ்சலி, அரியமுத்து. படத்தில் கோப்பையை ஏந்திச் சிரித்தவரோ வைரக்கண்ணு. அந்தக் காலத்தில் டீமுக்கு கோல்களை அடித்துக் குவித்தவர். அவர் அதே பிளெக்ஸுக்குக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா. மாமன வழியனுப்ப வந்தியா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

டீமின் இப்போதைய செயலாளர், சின்னப் பையன், ஓடிவந்தான். அரியமுத்துவை அவன் பார்த்ததே இல்லை. பழைய குரூப் போட்டோவைக் கடையில் கொடுத்து, நடுவில் இருப்பவரை எடுக்கச் சொல்லியிருக்கிறான். பிளெக்ஸ் வைக்குமளவு ஆடியவர் நடுவில்தானே இருப்பார்? அரியமுத்து பின்வரிசை ஓரம். பாதி முகம் போட்டோவுக்கு வெளியே.

"கழட்டிடறோம்க்கா. பண்டிகைன்னு கட வேற மூடிட்டான்."

"பேரு அவருதுதானே. இருக்கட்டும்."

"உசுரோட இருக்கறவரு படத்துக்கு மால போடக் கூடாதுக்கா. இவரு வூட்டுல எங்கள உரிச்சுருவாங்க."

வைரக்கண்ணு அவன் கையிலிருந்த மாலையைப் பிடுங்கினார். "பின்னால அவன் நிக்கறான்ற தைரியத்துலதான்டா நான் முன்னால ஓடுனேன். எம் மூஞ்சிய ஒரு நாளு அவனுக்குக் குடுத்தா தேஞ்சா போயிருவேன்?"

நாற்காலி மேல் ஏறி, தன் படத்துக்குத் தானே மாலை போட்டார்.

மைக்கில் அரியமுத்து என்று சொன்னார்கள். கூட்டம் எழுந்து மௌனமாக நின்றது. பிறகு விசில் ஊதியதும் எல்லோரும் கோட்டோரம் ஓடினார்கள். ஒரு பெரியவர் மட்டும் அவளருகே நின்று பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

"உங்கப்பாவாம்மா? நல்லா சிரிச்ச மொகம்."

"ஆமாங்க" என்றாள்.