ஆட்டுக்கும் காபி இயந்திரத்துக்கும் நடுவே

வெர்னா கொஸ்டெல்னிக்கை அடக்கம் செய்த அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, கோல்டர்ஸ் ஃபெரி ஊரின் விஞ்ச், வடம் இழுக்கும் மலைரயில், இரண்டு நிமிடம் நின்றது. மேலே போகும் பெட்டியும் கீழே வரும் பெட்டியும் மலைச்சரிவின் நடுவில் எதிரெதிரே அசையாமல் நின்றன. விஞ்ச் காரணமில்லாமல் நின்றால் படிவம் நிரப்ப வேண்டும். காரணத்தோடு நின்றாலும் நிரப்ப வேண்டும். அந்த விதியை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகள் அலுவலகத்தை ஆட்டிப்படைத்தவர் வெர்னாதான். ஆகவே மேலாளர் டேல் ஃபர்பீ, கல்லறைக்குப் போட்டிருந்த கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்.

வெர்னா முதலில் டிக்கெட் கொடுத்தார். பிறகு பதினோரு ஆண்டுகள் மலைமேல் நிலையத்தில் விஞ்ச் ஓட்டினார். பாதுகாப்பு அதிகாரி ஆனது வேறு ஆள் கிடைக்காததால். விஞ்ச்சுக்கு ஏதாவது வாங்கினால் நூற்றில் எண்பது பங்கை வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசு தரும், மீதியை ஊர் போட வேண்டும். எண்பதோடு கூடவே விதிகளும் வந்து இறங்கும். பணம் வேண்டுமானால் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று ஒரு விதி வந்தது. டேல் கூட்டம் போட்டுக் கேட்டபோது எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். வெர்னா மட்டும் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதையே சம்மதம் என்று டேல் எடுத்துக்கொண்டார். பிற்பாடு பல முறை வருந்தினார்.

வெர்னாவுக்கு விதிகள் என்றால் விளையாட்டுச் சாமான். வாஷிங்டன் பணத்தில் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பொருளை நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். வெர்னா மோட்டாரில் ஒட்டினார், பிரேக்கில் ஒட்டினார், டேலின் சுழல் நாற்காலியில் ஒட்டினார். ஒரு நாள் டேல் கோட்டின் முதுகில் ஸ்டிக்கரோடு மூன்று கடை ஏறி இறங்கினார். அதில் எண்ணுக்குக் கீழே, 'பயன்பாட்டுக் காலம் முடிந்தது' என்று இருந்தது.

"இது உன் வேலைதானே?" என்று டேல் கத்தினார்.

"நான் பொய் எழுத மாட்டேன்டா, டேல்" என்றார் வெர்னா. பள்ளியில் டேலுக்கு இரண்டு வகுப்பு மூத்தவர். அந்த 'டா'வை எந்தப் பதவி உயர்வும் அழிக்கவில்லை.

ஆடுகள் வந்தது இப்படித்தான். விஞ்ச் ஓடும் சரிவு செங்குத்தானது; எந்தப் புல்வெட்டியும் நிற்காது. புதர் தண்டவாளத்தை மூடியது. டேல் ஒன்பது ஆடுகளை வாடகைக்குப் பிடித்தார். தண்டவாளத்தில் கால் வைக்கும் எவரும் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும் என்று விதி இருப்பதை வெர்னா கூட்டத்தில் நினைவூட்டினார்.

"அப்போ ஆட்டுக்கும் சட்டை தைச்சுப் போடு" என்று டேல் சிரித்தார்.

கூட்டக் குறிப்பு எழுதுவது வெர்னா; அதையும் மேலாளர் உத்தரவு என்று எழுதிக்கொண்டார். அடுத்த வாரமே தேவாலயப் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்து ஒன்பது சட்டை தைத்தார்கள். ஆரஞ்சுச் சட்டையில் ஆடுகள் மேயும் படம் மாவட்டச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வந்தது. படத்தில் ஆடுகளுக்குப் பக்கத்தில் நின்ற டேலின் உடம்பில் மட்டும் ஆரஞ்சுச் சட்டை இல்லை. அந்தப் படத்தை வெட்டி விதிமீறல் படிவத்தோடு பின் குத்தி வெர்னா அவர் மேசையில் வைத்தார்.

இப்படிச் சேர்ந்ததுதான் அபாயப் பதிவேடு. கண்ணில் படும் ஆபத்து எதுவானாலும் ஒரு வரி எழுத வேண்டும். வரியின் முடிவில் இரண்டு கட்டங்கள்: 'சரிசெய்', 'ஏற்கிறேன்'. மாதக் கடைசி வெள்ளியன்று மேலாளர் ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வெர்னா எல்லாவற்றையும் எழுதினார். ஒழுகும் காபி இயந்திரம். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள். டிக்கெட் ஜன்னலில் கூடு கட்டிய புறா, அதன் குணம். ஆண்டுக்கு நூறு வரி; ஜனவரியில் எண் மறுபடி ஒன்றிலிருந்து. முதல் ஆண்டு டேல் படித்தார். இரண்டாம் ஆண்டு மேலோட்டமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு மேலிருந்து கீழ் வரை 'ஏற்கிறேன்' என்று ஒரே வீச்சில் குறியிட்டுவிட்டு, தீயணைப்பு நிலையத்தில் வெள்ளிக்கிழமை வறுக்கும் மீன் தீர்வதற்குள் ஓடினார்.

வெர்னாவுக்கு ஐம்பத்தொன்பது வயதான கோடையில் வடம் பேச ஆரம்பித்தது.

இரண்டு பெட்டிகளையும் தாங்குவது ஒரே கம்பிவடம். மணிக்கட்டு அளவு பருமன். வெர்னா அதைச் சோதிப்பது, இறந்துபோன கணவர் ஆண்டியின் பழைய பருத்திப் பனியனால். பனியனை வடத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். வடம் மெதுவாக ஓடும். அறுந்த இழை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே துணி மாட்டி இழுபடும். அந்த இடத்தில் சாக்கட்டியால் குறி. ஒரு முறுக்கு நீளத்துக்குள் ஆறு இழை அறுந்தால் வடம் குப்பைக்கு. மே மாதம் ஒன்று. ஜூனில் இரண்டு. ஜூலையில் நான்கு.

ஞாயிறுதோறும் கிளீவ்லாண்டிலிருந்து மகள் ஜோலீன் பேசுவாள். இரும்புப் பாலங்களைச் சோதிப்பது அவள் வேலை.

"நாலுன்னா எப்படிம்மா? பாத்தியா, எண்ணுனியா?"

"ரெண்டு தடவ எண்ணுனேன். உங்கப்பா பனியன் கந்தலாயிடுச்சுடி."

"குளிர் வந்தா இன்னும் வேகமா அறும்."

"தெரியும். அதான் தூக்கம் வரல."

மலைமேல் இருப்பவர்களில் பாதிப் பேரிடம் கார் கிடையாது. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் மருந்துக்கடைக்கும் அந்தப் பெட்டியில்தான் இறங்குவார்கள். வெர்னாவின் வீடும் மேலேதான்.

டேலிடம் மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை டேல் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"வெர்னா, கொஞ்சம் கேளு. வடம் மாத்தணும்னா ஊர் பங்கைப் போடணும். ஊர்சபை அடுத்த வருஷம்தான் ஒத்துக்கும். இப்ப நீ தனியா ஒரு கடிதம் எழுதினேன்னு வை, மாநிலத்துலருந்து வந்து பூட்டிருவாங்க. அக்டோபர்ல இலை நிறம் மாறுறதைப் பாக்க எவ்வளவு ஜனம் வரும்?"

"அந்த ஜனத்தைத்தான்டா நான் எண்ணிட்டிருக்கேன்."

"அவசர பிரேக் இருக்குல்ல?"

"இருக்கு. தேஞ்சிருக்கு. பதிவு நாப்பத்திநாலு. நீ ஏத்துக்கிட்டே."

டேல் நெற்றியைத் தேய்த்தார். "எழுதியே ஆகணும்னா அந்தப் பதிவேட்டுல எழுதித் தொலை. ஆட்டோட சேத்து."

வெர்னா அப்படியே செய்தார். ஆகஸ்ட் கடைசி வெள்ளி, பதினொன்று இருபதுக்குப் பதிவேட்டை நீட்டினார். தீயணைப்பு நிலையத்தில் வரிசை ஆரம்பிப்பது பதினொன்றரைக்கு.

"நிதானமா படிச்சுப் போடு" என்றார்.

"என்ன எழுதிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?" என்று டேல் மூன்று பக்கத்தையும் ஒரே வீச்சில் முடித்தார். நடுப் பக்கத்தில் மீன் நினைப்பில் கையெழுத்துகூடக் கோணிவிட்டது. வெர்னா அதன் நகலை மடித்து, விதிப்படி மாநில அலுவலகத்துக்கு அன்றே அனுப்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆண்டியின் பனியனோடு மேலே ஏறினார். இன்னொரு இழை அறுந்தால் தானே நிறுத்திவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று தீர்மானித்திருந்தார்.

அறவில்லை. செப்டம்பர் நடுவில் மாநில மேற்பார்வை அதிகாரி வந்துவிட்டார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வுதான். ஆனால் இம்முறை இரண்டு வாரம் முன்கூட்டியே. ராஸ்கோ டில்மன் என்று பெயர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. டேல் அவரை ஆடுகளோடு நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தார். "எனக்குச் சட்டை எங்கே?" என்று டில்மன் கேட்டார். வெர்னா கொடுத்தார். போட்டுக்கொண்டார். படம் எடுக்கச் சம்மதிக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து பதிவேட்டை வரிவரியாக உரக்கப் படித்தார்.

"பதிவு அம்பத்தொன்பது. பிஷப் என்கிற ஆடு தன் பாதுகாப்புச் சட்டையைத் தின்னுடுச்சு. முடிவு: ஏற்கிறேன்." பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "முழுசாவா?"

"பொத்தானை மட்டும் துப்பிடுச்சு" என்றார் வெர்னா.

டில்மன் குறித்துக்கொண்டார். "பதிவு அறுபது. இழுவைக் கம்பிவடம். ஒரு முறுக்குக்குள்ள அறுந்த இழை நாலு, ஜூன்ல ரெண்டு. வரம்பு ஆறு. அறுந்தா ரெண்டு பெட்டியும் விழும். முடிவு: ஏற்கிறேன்." நிறுத்தினார். "பதிவு அறுபத்தொண்ணு. காபி இயந்திரம் ஒழுகுது. முடிவு: ஏற்கிறேன்."

அறையில் காபி இயந்திரம் மட்டும் சொட்டியது.

டில்மன் பதிவேட்டைத் திருப்பி டேல் பக்கம் வைத்தார். "மிஸ்டர் ஃபர்பீ, இது உங்க கையெழுத்தா?"

டேல் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா புறாவைப் பார்த்தார். படித்துத்தான் போட்டேன் என்றால், ஆட்கள் விழுந்தாலும் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்த மேலாளர். படிக்காமல் போட்டேன் என்றால் அதைவிட மோசம்.

"அது... ஆட்டோட சேந்து வந்துச்சு, சார்."

"ஆட்டுக்கும் நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

 ஜன்னலுக்கு வெளியே பெட்டி ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண், மடியில் கடைப் பை. பக்கத்தில் ஒரு கிழவரும் அவர் நாயும். டேல் அந்தப் பெட்டி மேலே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு திறந்து மூவரும் இறங்கியதும் மேசைத் தொலைபேசியை எடுத்தார்.

"நிறுத்து. ஆமா, இப்பவே. இல்ல, நானேதான் சொல்றேன்."

வைத்துவிட்டு வெர்னா பக்கம் கையை நீட்டினார். வெர்னா பேனாவைக் கொடுத்தார். டேல் அறுபதாம் வரியில் 'ஏற்கிறேன்' என்பதை அடித்துவிட்டு 'சரிசெய்' என்று குறியிட்டார். இந்த முறை கையெழுத்து கோணவில்லை.

விஞ்ச் ஐந்து மாதம் நின்றது. மலைமேல் ஆட்கள் ஒன்பது மைல் சுற்றும் வேனில் போனார்கள். அல்லது நானூற்றுப் பதினேழு படி இறங்கி ஏறினார்கள். இலை பார்க்க வந்தவர்கள் கீழேயிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வெர்னாவுக்கு ஊரில் நல்ல பெயர் மிஞ்சவில்லை. தீயணைப்பு நிலைய வரிசையில் ஒருவன், "வெர்னா அக்கா, இந்த மீன்ல முள்ளு இருக்கு, எழுதிக்கோங்க" என்றான். எழுதிக்கொண்டார். அவரும் முட்டிவலியோடு அதே படிகளில்தான் ஏறினார். இருநூற்றுப் பன்னிரண்டாவது படி ஆடுகிறது என்று மறுநாளே ஒரு வரி சேர்ந்தது.

ஊர்சபை முணுமுணுத்துக்கொண்டே தன் பங்கைப் போட்டது. மாநிலம் எழுதிய கண்டிப்பான கடிதத்தைப் பார்த்ததும் வாஷிங்டன் எண்பதை அனுப்பியது. பிப்ரவரியில் புது வடம் வந்தது.

பழையதை இறக்கியபோது டில்மன் அதைக் குறுக்கே வெட்டச் சொன்னார். வெளியே நான்கு இழை. உள்ளே முழுக்கத் துரு. உதறினால் காபித்தூளாகக் கொட்டியது. நடுவில் அறுந்த இழைகளை டில்மன் பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். எந்தப் பனியனும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது.  டேல் ஒரு சாண் துண்டை எடுத்துப்போய்த் தன் மேசையில் வைத்தார். மறுநாள் வந்தபோது அதில் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"எனக்கு நினைவுக்கு வச்சிருக்கேன் வெர்னா."

"பழைய வடமும் வாஷிங்டன் பணத்துல வாங்குனதுதான். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ வந்து பாப்பேன். இருக்கணும்."

நான்கு முறை வந்து பார்த்தார். ஐந்தாவதுக்கு முன் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. அறுபத்தெட்டு வயது. வலி இல்லை என்று மருத்துவர் சொன்னார். ஜோலீன் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அப்படித்தான் சொன்னார்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பியரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோசும் பரிமாறிக்கொண்டிருந்தபோது டேல் ஜோலீனைத் தேடி வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தாள். வடத்துண்டு. ஸ்டிக்கரின் ஓரம் மங்கியிருந்தது. எண் அம்மாவின் கையெழுத்தில்.

"எனக்கா?"

"உனக்குத் தர முடியாதும்மா. அரசாங்கச் சொத்து. இரவல்தான்." டேல் சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து விரித்தார். "இங்க கையெழுத்துப் போடு. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ நேர்ல கொண்டாந்து காட்டணும். தபால்ல அனுப்புனா செல்லாது. வெள்ளிக்கிழமையா பாத்து வா, மீன் இருக்கும்."

ஜோலீன் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் முன் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். டேல் காத்துக்கொண்டு நின்றார்.