டோக்கனின் முன்னங்கால்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. சந்தையில் அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் போகும். பிழைகளும் இருக்கும். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் மிச்சம் வைத்த நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். அவளிடம் சொன்னால் அழகாக எழுதிக் கொடுப்பாள்தான். ஆனால் இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். எதையுமே வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கம். அந்த வெட்கம் செய்த காரியத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் பெள்ளி. என் மனைவி சரோஜா தளிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தால் கன்னடம், குழைந்தால் தமிழ். வெள்ளியைக் கன்னடத்தில் பெள்ளி என்பார்கள். குட்டியாக வந்தபோது அப்படி ஒரு வெள்ளையாக இருந்ததால் அவள் வைத்த பெயர். பத்து நாளாகப் பெள்ளிக்கு ஒரு புதுப் பழக்கம். சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டு வலது முன்னங்காலை மட்டும் நக்கும். நாய் உடம்பை நக்குவது எனக்குத் தெரியாதா? அது ஒழுங்காக முதுகு, வயிறு, வால் என்று ஒரு சுற்று போய் முடித்துவிடும். இது அப்படி இல்லை. ஒரே கால், ஒரே இடம். சோறு வைத்துக் கூப்பிட்டாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே நக்கும். வெள்ளை மயிர் அந்த இடத்தில் மட்டும் துருப்பிடித்த மாதிரி சிவந்துவிட்டது.

“டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு தூக்கிட்டுப் போலாமா?” என்று நான் கேட்டதுதான் தாமதம், வீட்டுக்கு வந்திருந்த மைத்துனன் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“ஏன் மாமா, நாய்னா நக்காம பின்ன பல்லு வெளக்குமா?”

“ஒரே எடத்துல நக்குதுடா.”

“அதுக்கு அந்த எடம் புடிச்சிருக்குது. நாய்க்கு நாக்குதான் டாக்டரு, மாமா. போன மாசம் நீ மூணு நாள் காய்ச்சல்ல கெடந்த. உன்னை யாருனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாங்களா?”

சரோஜாவும் சிரித்தாள். நான் வழக்கம்போல எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஆனால் உள்ளே எரிந்தது. நாய்க்கு நாக்குதான் டாக்டர். இந்த வார்த்தையை இதே மாதிரி சிரிப்போடு நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

வாசலில் நின்றபோதும் பெள்ளி நக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சளப், சளப் என்று ஈரமான சத்தம். அதோடு சேர்ந்து எங்கிருந்தோ காஸ்டிக் சோடா வாடை அடித்தது. உண்மையில் வாடை எதுவும் இல்லை. என் மூக்கு அப்படி. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதற்கு இன்னும் ஷிப்ட் முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு பிளேட்டிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். பெரிய கம்பெனிகளுக்கு நட்டு போல்ட்டு பளபளவென்று போகிறதே, அந்தப் பளபளப்பைப் பூசும் இடம். போல்ட்டுகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு வரிசையாகத் தொட்டிகளில் முக்கி எடுக்க வேண்டும். முதல் தொட்டி காஸ்டிக், எண்ணெய்ப் பிசுக்குப் போக. அடுத்தது ஆசிட், துரு போக. முக்கி எடுக்கும்போது சொட்டுவதெல்லாம் தரையில்தான். தொட்டிகள் இருந்த கூடத்தை ஷாப் என்போம்; அந்த ஷாப்பின் தரை காய்ந்து நான் பார்த்ததே இல்லை. காஸ்டிக் ஒரு நயவஞ்சகம் பிடித்த சாமான். கையில் பட்டால் முதலில் சோப்பு மாதிரி வழவழவென்று சுகமாக இருக்கும். எரிச்சல் சாவகாசமாக வரும். வரும்போது தோல் போயிருக்கும்.

இன்றைக்கும் ரேஷன் கடை மெஷின் என் கைரேகையை ஏற்பதில்லை. “சரியா வைங்கண்ணா, அழுத்தி வைங்க” என்று அந்தப் பெண் சொல்லும்போது பின்னால் வரிசையே என்னைப் பார்க்கும். இல்லாத ரேகையை எங்கே அழுத்துவது? சரோஜா வந்து விரல் வைத்தால்தான் எங்கள் வீட்டுக்கு அரிசி.

எங்களுக்கு ரப்பர் பூட்ஸ் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, இருந்தது. ஸ்டோரில் பூட்டி வைத்திருந்தார்கள். சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் அன்று காலையில் எடுத்துக் கொடுப்பார்கள். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் கழுவி வாங்கிக்கொள்வார்கள். பூட்ஸைக் கழுவினார்கள், எங்கள் காலை இல்லை. அன்றைக்கு இதற்குக் கோபம்கூட வரவில்லை எனக்கு. புது பூட்ஸ் போட்ட சந்தோஷத்தில் நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

அந்தக் கம்பெனிக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது. டீ நேரத்துக்குச் சரியாக வரும்; ஆளுக்குப் பாதி பன் கொடுப்போம். கூட வேலை பார்த்த முனிராஜு, அத்திப்பள்ளிக்காரன், அதை ஷாப்புக்குள்ளேயும் கூட்டி வந்து பழக்கினான். ஆயுத பூஜை அன்று எல்லாத் தொட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது நாய்க்கும் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தோம். எங்களுக்கெல்லாம் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் உண்டு. காலையில் எடுத்துக்கொண்டு சாயங்காலம் பலகையில் மாட்ட வேண்டும். வேலையை விட்டுப் போன ஒருவனுடைய டோக்கன் சும்மா தொங்கியது. முனிராஜு அதை எடுத்துக் கயிற்றில் கோத்து நாயின் கழுத்தில் கட்டினான். “இனிமே இவனும் பெர்மனென்டு” என்றான். நாங்களே பெர்மனென்ட் இல்லை. அன்றிலிருந்து அதன் பெயர் டோக்கன்.

டோக்கன் எங்கள் பின்னாலேயே தொட்டி வரிசையில் நடக்கும். டீ மணி அடித்ததும் நாங்கள் கேட்டோரத் தண்ணீர்க் குழாயில் கை கழுவுவோம். அது குழாயடியில் உட்கார்ந்து முன்னங்கால்களை நக்கும். தினமும் அதே இடம், அதே நேரம்.

“பாருடா, டோக்கனும் கை கழுவுது!” என்பான் முனிராஜு.

“நம்மள வுட சுத்தம்” என்பார் எங்கள் சூப்பர்வைசர். “உங்களுக்குச் சோப்பு வேணும். அதுக்கு நாக்கே போதும்.”

எல்லோரும் சிரிப்போம். நானும்தான். வேறு ஷாப்பிலிருந்துகூட வேடிக்கை பார்க்க வருவார்கள். ஷிப்ட் முடிந்தால் கை கழுவும் நாய் என்று எங்கள் கம்பெனிக்கு அந்தத் தெருவில் ஒரு பெயரே இருந்தது.

பிறகு அது இடது முன்னங்காலை மட்டும் நக்க ஆரம்பித்தது. டீ நேரம் என்றில்லை, நாள் முழுக்க. விரல் இடுக்கில் மயிர் உதிர்ந்து தோல் செக்கச்செவேலென்று தெரிந்தது. எனக்கு உறுத்தியது. என் விரல் இடுக்கும் அதே நிறத்தில்தான் இருந்தது. பன் கொடுத்தால் வாயில் கவ்விவிட்டுக் கீழே போட்டது. ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன்.

“சார், டோக்கனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். அர நாள் பர்மிஷன்...”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “யாருக்குப் பர்மிஷன்? உனக்கா, நாய்க்கா?”

பின்னால் ஒரே சிரிப்பு. “நாய் எச்சிலே மருந்துடா. அதுக்கு நாக்குதான் டாக்டரு. போ, போயி கம்பி கட்டு.”

நான் போய்க் கம்பி கட்டினேன். அவ்வளவுதான் என் தைரியம்.

கேட்டில் ஒரு புகார் நோட்டு இருந்தது. ஆடிட்காரர்களுக்குக் காட்டுவதற்காக வைத்தது. நூலில் கட்டிய பேனா, முதல் கட்டத்தில் தேதி, அடுத்து பெயர், அடுத்து புகார். தாள் எல்லாம் வெறுமையாக இருக்கும். மூன்று தடவை அந்த நோட்டைத் திறந்தேன். ‘நாய்க்குக் கால் எரிகிறது, எங்களுக்கும் எரிகிறது’ என்று எழுத நினைத்தேன். என் கோணல் எழுத்தைப் படித்து ஆபீஸில் சிரிப்பார்களே என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. தேதிகூடப் போடாமல் மூடிவிட்டேன். வாட்ச்மேன் “என்னாப்பா, தெனமும் தொறந்து பாக்கற? படமா போட்டிருக்குது?” என்றார்.

ஒரு திங்கட்கிழமை டோக்கன் டீக்கு வரவில்லை. பின்பக்கச் சுவரோரம் கழிவுநீர்க் குழாய்ப் பக்கத்தில் செத்துக் கிடந்ததை முனிராஜுதான் பார்த்தான். காலை மூக்கின் அடியில் வைத்தபடியே கிடந்தது. நாக்கு வெந்து போயிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் வந்தார். பாவம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன்.

“கழுத்துல இருக்கற டோக்கனை அவுத்துக் குடு. அது கம்பெனிச் சொத்து” என்றார்.

முனிராஜு அவிழ்த்துக் கொடுத்தான். கழுவிப் பலகையில் மாட்டச் சொன்னார். அடுத்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தான். அவனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நான்தான் எதையும் சொல்ல மாட்டேனே.

இதெல்லாம் வாசலில் நிற்கும்போதே ஓடி முடிந்துவிட்டது. மைத்துனன் இன்னும் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தான். நான் போய் ஒரு தக்காளிக் கிரேட்டில் சாக்கை விரித்துப் பெள்ளியைத் தூக்கி வைத்தேன். காலைத் தொட்டதும் உறுமியது. என்னைப் பார்த்து அது உறுமியதே கிடையாது.

“நெஜமாவே போறியா?” என்றாள் சரோஜா.

“போறன்.”

“சிரிக்கப் போறாங்கோ.”

“சிரிக்கட்டும். எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும்!” நான் கத்தினேன். மைத்துனன் காபியைச் சிந்திவிட்டான். இத்தனை வருடத்தில் நான் கத்தி அவன் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. “ஆட்டுக்குட்டின்னா கூட யோசிப்பன். நாயா? எறங்குப்பா” என்றார். முனிராஜுவுக்குப் போன் செய்தேன். அவன் இப்போது குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஓட்டுகிறான். காலி வண்டியோடு வந்தான். கிரேட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பெள்ளி நக்கிக்கொண்டிருந்தது. எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. சிரிக்கவே இல்லை. எத்தனை நாளாக, ஒரே காலா, நொண்டுகிறதா, தொட்டால் உறுமுகிறதா என்று கேட்டார். “ஒடம்பு பூரா நக்கினா கவலப்பட வேணாம். ஒரே எடத்த வுடாம நக்கி, அந்த எடம் செவந்து, தொட வுடலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடணும். பத்து நாள் ஏன் பாத்துட்டிருந்தீங்க?” என்று என்னைத் திட்டினார். திட்டு வாங்கியதில் எனக்கு அன்று ஒரு நிம்மதி. பெள்ளியின் வாயைத் துணியால் கட்டி, நான் பிடித்துக்கொள்ள, விரல் இடுக்கில் குறடை விட்டு எதையோ இழுத்தார். ஊசிப்புல் விதை. முள் மாதிரி உள்ளே இறங்கிச் சீழ் வைத்திருந்தது. கழுவி மருந்து போட்டு ஓர் ஊசி. இரண்டு நிமிட வேலை.

கிளம்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. டோக்கனைப் பற்றிக் கேட்டேன். காஸ்டிக் தரையில் நடந்த நாய், கால் இப்படி, வாய் இப்படி. என்ன ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும்?

“ஊசி அப்புறம்ங்க. மொதல்ல காலை நல்லா தண்ணி வுட்டுக் கழுவியிருக்கணும். தெனமும் அங்க நடந்துட்டு, அதையே நக்கி முழுங்கியிருக்குது. கழுவியிருந்தா இந்த அளவுக்கு வந்தே இருக்காது.”

“வெறும் தண்ணியாம்மா?”

“வெறும் தண்ணிதான். நெறைய.”

முனிராஜுவின் வண்டியிலேயே திரும்பினோம். ரயில்வே கேட் அடைத்திருந்தது. வண்டியை அணைத்துவிட்டு முன்னால் பார்த்தபடியே சொன்னான்.

“பைப்பு பக்கத்துலயே இருந்துச்சுப்பா. நாம தொறந்து வச்சுக்கினு நின்னு சிரிச்சோம்.”

அந்தக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. தொட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் குடோன். வெள்ளைத் தகரம், பெரிய ஷட்டர். சுவரோரக் குழி இருந்த இடத்தில் லாரிகள் திரும்புகின்றன. பித்தளை டோக்கனுக்குப் பதில் இப்போது எங்கேயும் விரல் மெஷின்தான். எனக்கு அந்த வேலையும் கிடைக்காது. தண்ணீர்க் குழாய் போய்விட்டது. நூலில் கட்டிய பேனாவும் அந்தப் புகார் நோட்டும் எந்தக் குப்பையில் போயினவோ தெரியாது.

பெள்ளி என் காலடியில் தூங்குகிறது. நக்கும் சத்தம் இல்லை. அந்த நோட்டில் நான் நிரப்பாமல் மூடிய கட்டங்களை இதோ இங்கே நிரப்பிவிட்டேன். புகார், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நாயின் காலைக் கழுவாதவர்கள் மேல். பெயர்க் கட்டத்தில் எங்கள் எல்லோருடைய பெயரும், முதலில் என்னுடையது. தேதி மட்டும் பாக்கி.

ஐப்பசி மாதம் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை.