நாலரைக்கு வந்தவள்

என் கணவர் டென்மார்க்கில் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை பார்க்கிறார். நானும் அங்கே போவதற்காக, நீடாமங்கலத்து வீட்டில் இருந்தபடி போனில் டேனிஷ் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மா, எழுபதைத் தாண்டியவர், தரங்கம்பாடியைப் பார்க்கத் தனியாகவே கிளம்பி வந்துவிட்டார். தன் நாட்டுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

காலையில் போன் செய்து, துணைக்கு வரச் சொன்னார். டேனிஷிலேயே பேச வேண்டுமாம், எனக்குப் பழக்கமாகுமாம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "ஹால் ஃபெம்" என்றார். ஹால் என்றால் அரை, ஃபெம் என்றால் ஐந்து. ஐந்தரை என்று எடுத்துக்கொண்டேன்.

மாயவரம் தாண்டியதும், பஸ் ஒரு அறுவடை மெஷினுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது கணவர் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, ஹால் ஃபெம்னா நாலரை! அஞ்சாவது மணியில பாதிதான் ஆயிருக்குன்னு அவங்க கணக்கு. பாவம், அந்தம்மா வெயில்ல நின்னுட்டிருக்கும்."

அப்போதே ஐந்து ஆகிவிட்டிருந்தது. அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன தாமதம்? சரியாக நாலரைக்கு வந்தாயே! இப்போதுதானே போனாய்? அதற்குள் புடவையை ஏன் மாற்றினாய்?"

நான் குனிந்து என் புடவையைப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"அந்தக் குழந்தையின் கல்லறையில் தேதி படித்தாய் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லில் மாதத்தின் பெயர்தான் இருந்தது. நீ எங்கள் ஊரில் பேசுகிற மாதிரி, மாதத்தையும் எண்ணாக்கி, 'மூன்றாவது, எட்டாவதில்' என்றாய்."

எனக்குத் தேதிப் பாடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

வாசலில் நின்ற காவல்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, இவங்களோட உள்ள போனது யாரு?"

"என்னம்மா கேக்குறீங்க? நீங்கதானே போனீங்க! கேட்டைத் தெறந்துவிட்டதே நான்தானே."

அதற்குள் வீட்டுக்காரம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பரவாயில்லை, இப்போது உன் கை சூடாக இருக்கிறது" என்றார்.

நாலரைக்கு வந்தது நானில்லை என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கணவரிடம் சொன்னேன். "அவங்களுக்குப் பார்வை சரியில்ல" என்றார். காவல்காரரைப் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது நானும் அந்த அம்மா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். காபிக்குக் கூப்பிடும்போதெல்லாம், அன்று கல்லறைகளுக்கு நடுவே நான் பேசியதில் ஏதாவது ஒன்றைச் சொல்கிறார். என் அம்மாவைப் பற்றி, நான் யாரிடமும் சொல்லாததைக்கூட. நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். நாலரைக்கு வந்தவள் இன்னும் என்னென்ன சொல்லிவைத்திருக்கிறாளோ, தெரியவில்லை.