முந்நூறாவது குருவி

பறவை காட்டும் தொழிலில் ஒரு வசதி, வாய் திறக்காதவனுக்குத்தான் இங்கே மரியாதை. பள்ளிக்கூடத்திலும் கல்யாண வீட்டிலும் "சத்தமாத்தான் பேசேம்ப்பா" என்று திட்டு வாங்கிய என் குரலுக்கு, ராஜபாளையம் மாந்தோப்புகளில்தான் வேலை கிடைத்தது. விடியுமுன் எழுந்து, கொசுவுக்கு ரத்ததானம் செய்து, "இப்பத்தான் பறந்துச்சு" என்ற செய்தியோடு வீடு திரும்பிய அன்பர்களே, என் கதையையும் கேளுங்கள்.

அது மார்ச் கடைசி. திருச்சியிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் கணவரோடு வந்திருந்தார். அவரை டீச்சர் என்றும், கணவரை சார் என்றும் கூப்பிட்டேன். டீச்சருடைய நோட்டில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பறவைகள். முந்நூறாவது ஆறுமணிக்குருவிதான் என்று முடிவு கட்டியிருந்தார். குளிர்காலத்துக்கு இங்கே வந்து, வெயில் ஏறியதும் வடக்கே கிளம்பிவிடும் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவும். மூன்று வருஷமாக டீச்சருக்குத் தட்டிப் போகிறது. அன்றைக்கு விட்டால் அப்புறம் அக்டோபர்தான். ஊர் திரும்ப பத்தரைக்கு ரயில். எனக்கோ தனியாக ஆள் கூட்டிப் போகும் முதல் நாள். காட்டாவிட்டால் டீச்சரின் தோழிகள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஹாரன்

கார் ஓட்டியது மாரியப்பண்ணன். அய்யனார் கோவில் ரோட்டில் எத்தனை சாமி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு ஹாரன், நெஞ்சில் ஒரு தொடல். வேலி மேல் ஒரு செந்தலைப் பூங்குருவி உட்கார்ந்திருந்தது. அதுவும் சுலபத்தில் காணக் கிடைக்காததுதான். "டீச்சர், அங்க..." என்று நான் ஆரம்பிக்கவும், புளியமரத்தடிக் கருப்பசாமி வரவும் சரியாக இருந்தது. பாம்ம்! வேலி காலி.

"அண்ணே, இந்த ஒரு மைலுக்கு மட்டும் ஹாரன் வேண்டாமே" என்று கெஞ்சினேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குருவி கோவிச்சா பறந்து போயிரும் தம்பி. சாமி கோவிச்சா நாம எங்கிட்டுப் போக?"

குழாய்

தோப்போரம் இறங்கி நடந்தோம். கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு, தலையில் தொப்பி. பம்ப்செட் பக்கமிருந்து தலையில் துண்டு கட்டிய ஒருவர் வேகமாக வந்தார். தோப்புக்காரர்.

"கழுத்துல குழாயோட அளக்க வந்தீகளோ?"

"இல்லண்ணே, குருவி பாக்க வந்தோம்."

"போன தடவ வந்தவுகளும் இப்படித்தான். மாங்காய்ல என்ன பூச்சின்னு விசாரிச்சாக. மறுநா வந்து பார்த்தா நட்டநடுத் தோப்புல கல்லு ஊண்டியிருக்கு."

நாலுவழிச்சாலைக்கு அளக்க வந்த ஆட்கள் என்றே எங்களை முடிவு செய்துவிட்டார். டீச்சர் நோட்டைத் திறந்து கொக்கு, மைனா என்று வாசித்துக் காட்டினார். மனுஷன் அசையவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"எம் மச்சினன் தோப்பு வழியா ரோட்டை விடுங்கம்மா. அங்கதான் குருவி எம்புட்டும் கெடக்கு."

பதில்

ஆறு மணி ஆயிற்று. ஆறே கால் ஆயிற்று. குருவிக்குக் கடிகாரம் நின்றுவிட்டது போலிருந்தது. சொல்ல வெட்கம்தான், போனில் வைத்திருந்த அதன் கூவலைப் போட்டேன். பறவையை இப்படி ஏமாற்றக் கூடாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவனும் நான்தான்.

தோப்புக்குள்ளிருந்து பதில் வந்தது! டீச்சர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நான் போட, அது பதில் சொல்ல, முள்ளுக்குள் குனிந்து நகர்ந்தோம். நாற்பது நிமிடம். மிகவும் நெருங்கிவிட்டோம். குருவி இரண்டு தடவை கூவியது. அதன் பின்னாலேயே ஒரு ஸ்கூட்டர் "பீப்" என்றது.

தோப்புக்குள் ஏது ஸ்கூட்டர்? அது, போன வருஷம் ரோட்டோரத்தில் அந்தக் கூவலை நான் பதிவு செய்தபோது குறுக்கே போன பால்காரர் ஸ்கூட்டர். என் போனில் அந்த இடத்தை வெட்டி வைத்திருந்தேன்; வெட்டாத பதிவை வாட்ஸ்அப் குழுவில் போட்ட புண்ணியவானும் நானே. செடியை விலக்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே தொழில் பார்க்கும் கோபாலண்ணன், இரண்டு பெங்களூர்க்காரர்களோடு மண்டியிட்டிருந்தார். கையில் போன்.

"ஏலே, நீயா? நாப்பது நிமிசமா நான் கூப்புட்டு மயக்குனது உன்னையவா?"

மார்க்

கூவலைக் கேட்டாலே நோட்டில் ஏற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. "எழுதிக்கோங்க டீச்சர், யாரு பாக்கப் போறா?" என்று மெல்ல இழுத்தேன். சேலையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார்:

"காப்பியடிச்ச பேப்பருக்கு நான் என்னிக்கும் மார்க் போட்டதில்ல, தம்பி."

அவசரம்

எட்டரை மணிக்கு, ரயிலைப் பிடிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். சாருக்குச் சர்க்கரை. மூன்றாவது தடவையாக வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒரு பஸ் நிழற்குடைக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தவர் கதவைத் திறக்காமல் நின்றார்.

"பச்சையா ஒண்ணு நிக்குது தம்பி. வாலுக்கடியில சிவப்பு."

டீச்சர் விசாரணையை ஆரம்பித்தார். "கண்ணுகிட்ட?"

"கறுப்புப் பட்டை. மை அப்பின மாதிரி."

"வால் எப்படி?"

"குட்டை. யாரோ வெட்டி விட்ட மாதிரி."

"உங்களுக்குக் காக்காயும் குயிலும் ஒண்ணு. நீங்க சொல்றதை நம்பணுமாக்கும்."

சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினார்.

பின்பக்கம் சருகும் டீ கப்புகளும் காலி பாட்டில்களும் கிடந்தன. நாற்றம் சொல்லி மாளாது. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிலையாக நின்றார். அரை மணி நேரம். மாரியப்பண்ணன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்போது சருகு அசைந்தது. ஒரு டீ கப்பைத் தாண்டிக் குதித்து வந்து நின்றது ஆறுமணிக்குருவி. எட்டடி தூரம். டீச்சர் பைனாகுலரைத் தொடவே இல்லை. குருவி ஒரு புழுவை இழுத்து விழுங்கியது, எங்களை ஒரு பார்வை பார்த்தது, போய்விட்டது.

காரில் ஏறி நோட்டை எடுத்தார். முந்நூறு. இடம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'ஸ்ரீவில்லிபுத்தூர் சாலை' என்று மட்டும் எழுதினார். பிறகு, தலை நிமிராமலே, "வால் நீங்க சொன்ன மாதிரியேதாங்க இருந்துச்சு. நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

சார் என் தோளைத் தட்டினார்.

"குருவிய விடுங்க தம்பி, இதைத் தேதி போட்டு எழுதி வைங்க. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இப்பத்தான் முதல் தடவையா வந்திருக்கு."

ஆக, பைனாகுலர், போன், வாட்ஸ்அப் குழு அத்தனையும் கைவிட்ட என் முதல் நாள் பிழைப்பைக் காப்பாற்றிக் கொடுத்தது சாருடைய சர்க்கரை வியாதிதான்.