நான் அழித்த கருப்புக் கயிறு

வெப்சைட் ஒன்றைச் செய்து முடித்த அந்த நொடியே உலகம் முழுக்க அதைப் பார்த்துவிடும் என்று நான் நம்பினேன். நம்பியது சின்ன வயதில் அல்ல. தலையில் பாதி முடி போய், படிக்கக் கண்ணாடி போட்ட பிறகு.

அதற்கு முன் கோழித்தீவன கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். நாமக்கல்லைச் சுற்றி நான் மிதிக்காத பண்ணை இல்லை. கம்பெனி ஆள் குறைத்தபோது முதலில் குறைந்தது நான். சேலத்தில் வெப் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். நானும் பெருந்தன்மையாக உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் ஒளிந்துகொண்டேன். கடைசி வகுப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போனேன். அன்றைக்கு சேந்தமங்கலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. கிடா விருந்து. கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுப்பார்கள், வேறென்ன இருக்கும் என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வேலை கொடுத்தவர் திருச்செங்கோடு ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர். வெளிமாநிலத்து ஆட்கள் பார்த்து ஆர்டர் தர வேண்டும், பட்டறை பேரில் ஒரு வெப்சைட்டும் ஒரு வீடியோவும் செய்து கொடுங்கள் என்றார். அந்த ரோட்டில் பட்டறைகள் வரிசையாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே டீக்கடை. அங்கே இவர் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னால் ஒரு வருடத்துக்கு வேலை. வேறு மாதிரி சொன்னால் நான் திரும்பத் தீவன மூட்டைக்குத்தான் போக வேண்டும், அங்கேயும் இப்போது இடம் இல்லை. இந்தக் கணக்கு மட்டும் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போது பட்டறையில் தயாராகி நின்றது அவருடைய மச்சானின் லாரி. மச்சானுக்கு அதுதான் முதல் வண்டி. பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அது நாக்பூருக்குக் கிளம்புவதற்கு முன் நான் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் வந்து பார்த்தால், லாரியின் நெற்றியில் பெயிண்டர் எழுதிய அழகான மயில் பாதி தெரியவில்லை. குறுக்கே திருஷ்டிக் கயிறு. கருப்புக் குஞ்சம், அதோடு மிளகாயும் எலுமிச்சையும் கோத்த சரம், நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு பூத முகம். பார்க்கச் சகிக்கவில்லை. டிசைன் என்றால் சுத்தமாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கயிறு, மிளகாய், பூதம் எல்லாவற்றையும் படத்திலிருந்து அழித்தேன். மயில் பளிச்சென்று வந்தது. அதை முகப்பில் வைத்து, வீடியோவையும் கோத்து, பக்கத்தைத் திறந்தேன். திறந்தது. பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, “போட்டாச்சுங்க” என்றேன்.

“செரிங்க. மச்சாங்கிட்டயும் பாக்கச் சொல்லீர்றனுங்க.”

பெருமை தாங்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“ஏனுங்க, கயிறு எங்கீங்க?”

“நல்லால்லன்னு எடுத்துட்டேன்.”

“புது வண்டிக்குங்களா?”

“படத்துலதான்.”

“படத்த எத்தன பேரு பாப்பாங்கன்னு சொன்னீங்க?”

“உலகமே பாக்கும்னேன்.”

“நம்ம தெருவுல நாலு பேரு கண்ணு படும்னு பூசணிக்கா ஒடைக்கறாங்க. நீங்க உலகத்துக் கண்ணுக்கு முன்னால வண்டிய வெறும் மூஞ்சியோட நிறுத்தி வெச்சிருக்கறீங்க.”

சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று பல பேரிடம் வாய் கிழியப் பேசியவன் நான். அந்த வாய் உலர்ந்துபோயிற்று. கயிற்றைத் திரும்ப வைத்துவிடலாம் என்று பார்த்தால், பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்துத் தொலைத்திருந்தேன். போனில் இருந்ததை இடம் போதவில்லை என்று அழித்தாயிற்று. கயிற்றை நானே வரைந்து பார்த்தேன். மயிலின் கழுத்தில் சாரைப்பாம்பு தொங்கியது. அதையும் அழித்தேன். கடைசியில் லேப்டாப்பை மூடி, அதன்மேல் ஒரு துண்டைப் போட்டேன்.

“துண்டு போட்டா அமெரிக்காக்காரனுக்குத் தெரியாதுங்களா?” என்றாள் மனைவி.

மறுநாள் காலை, சும்மா விசாரிக்கிற மாதிரி பட்டறைக்காரருக்குப் பேசினேன். “மச்சான் வண்டி எங்கீங்க போயிட்டிருக்குது?”

“அதத்தானுங்க தெரியல. டிரைவரு நேத்துல இருந்து போனே எடுக்கலீங்க. மச்சான் சோறு திங்காம உக்காந்திருக்கறான். நீங்க ஏனுங்க கேக்கறீங்க?”

“சும்மாங்க.”

போனை வைத்தேன். வண்டி எங்கோ பள்ளத்தில் கிடக்கிறது, மயில் மட்டும் பளிச்சென்று தெரிகிறது என்று மனசுக்குள் படம் ஓடியது. வீடியோ எடிட்டிங் படித்ததால் பின்னணி இசையும் சேர்ந்தே வந்தது.

மத்தியானம் அவரே கூப்பிட்டார். குரலில் இனிப்பு இல்லை. “கொஞ்சம் பட்டறைக்கு வந்துட்டுப் போங்க சாமி. அந்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துட்டு வாங்க. மச்சானும் இங்கதான் இருக்கறான்.”

“வாரனுங்க” என்றேன்.

வழியில் பூக்கடையைப் பார்த்ததும் என் பைக் தானாக நின்றது. மிளகாய் எலுமிச்சைச் சரம் ஒன்று வாங்கி லேப்டாப் பையின் கைப்பிடியில் கட்டிக்கொண்டேன். லாரிக்குப் போட வேண்டியதைக் காலம் கடந்து கம்ப்யூட்டருக்குப் போட்டேன். டீக்கடையைத் தாண்டும்போது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. பார்த்தார்கள்தான். பையில் மிளகாய் ஆடினால் பார்க்காமல் என்ன செய்வார்கள்?

பட்டறைக்காரரும் மச்சானும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றேன்.

“வண்டி...” என்று ஆரம்பித்தேன்.

“வண்டிக்கென்னங்க? டிரைவரு போனத் தாபாவுல மறந்துட்டுப் போயிட்டான். இப்பத்தான் வேற ஆளு போன்ல பேசுனான். நாக்பூர்ல சரக்கு எறக்கியாச்சு.”

நான் பக்கத்திலிருந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“நான் கூப்புட்டது அதுக்கில்லீங்க,” என்றார் அவர். “நேத்துல இருந்து நானும் இவனும் மாத்தி மாத்தித் தட்டிப் பாக்கறோம். உங்க வெப்சைட்டு வரவே மாட்டேங்குது. அதென்னங்க பையில மொளகா?”

“வேண்டுதலுங்க.”

லேப்டாப்பைத் திறந்தேன். பக்கம் அழகாக வந்தது. “இதோ இருக்குதுங்களே” என்று திருப்பிக் காட்டினேன். காட்டிய பிறகுதான் மூலையில் நெட் இல்லை என்று காட்டிய குறியைப் பார்த்தேன். பட்டறையில் நெட் கிடையாது. என் போனிலிருந்தும் இணைப்பு கொடுக்கவில்லை. இருந்தும் பக்கம் திறந்திருந்தது. அது என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே இல்லை. கிடா விருந்து அன்றைக்குச் சேலத்தில் என்ன பாடம் நடத்தியிருப்பார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

மச்சான் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“மயிலு நல்லாருக்குதுங்க. கயிறக் காணோம்?”

நான் மிளகாய்ச் சரத்தைப் பைக்குள் தள்ளினேன்.

“வண்டி வந்ததும் கயிறோட வேற புடிச்சுக்குங்க. அது வரைக்கும் இத எங்கீமே போட்டுராதீங்க சாமி.”

“போட மாட்டனுங்க” என்றேன். போடத் தெரியாது என்று சொல்லவில்லை.

என் வெப்சைட்டை அன்று வரை உலகத்தில் மூன்று பேர் பார்த்திருந்தார்கள். நான், என் மனைவி, லாரிக்கார மச்சான். பட்டறைக்காரர் கண்ணாடி கொண்டு வந்திருக்கவில்லை.