தேய்த்தும் போகாத எண்

அந்த மெக்கானிக்கை எல்லாரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன் அதை நலம் விசாரிப்பார் என்று கேலி. அவர் மனைவி ஒருபடி மேலே போவாள்: நம் பெண் வளர்ந்து ஆளாகிக் கல்யாணமாகிப் போய்விட்டாள், இந்த லாரி இன்னும் எழுந்து நிற்கவில்லை என்பாள். மிகைதான், ஆனால் ரொம்ப மிகையில்லை.

மூடிப்போன கல்குவாரியில் பாதி மண்ணுக்குள் கிடந்த பழைய லாரி அது. பழைய இரும்பென்று வாங்கி வந்தார். ஆயுள் முழுக்க அடுத்தவர் வண்டிகளைப் பழுது பார்த்தவருக்குத் தன் பெயரில் ஒரு வண்டி ரோட்டில் ஓட வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான். பானெட்டின் வளைவையும் ஸ்பிரிங் பட்டைகளையும் பார்த்தே எந்தக் கம்பெனி, ஏறக்குறைய எந்தக் காலம் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பதிவு அலுவலகத்துக்கு வேண்டியது எண். டாஷ்போர்டில் தகடு இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள்தான் மிச்சம். எஞ்சினோ வேறு வண்டியுடையது. அடிச்சட்டமான சேசிஸில் எண் பொறித்த இடத்தை யாரோ கிரைண்டரால் வழித்திருந்தார்கள். அதன் மேலேயே பூச்சுக்கு மேல் பூச்சாகப் பெயின்ட் அடித்து முகம் பார்க்கலாம்போல் ஆக்கி வைத்திருந்தார் நிதானம்.

பதிவு அலுவலகத்திலிருந்து சோதிக்க வந்த பெண் ஆய்வாளர் அந்தப் பளபளப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு விளக்கினார். எண் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அலுவலகமே புது எண் தரும். அல்லது பெயின்டைச் சுரண்டி ஆசிட் தடவிப் பார்க்கலாம். எண்ணை அடித்தபோது இரும்பு ஆழம்வரை நசுங்கியிருக்கும், மேலே தேய்த்தாலும் அடியில் தடம் இருக்கும்.

"கிடைச்சா அது யாரோட வண்டின்னும் தெரிஞ்சிடும். யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிடைக்கவில்லை என்றே எழுதிக் கொடுத்துவிடச் சொன்னாள் மனைவி. தேடாதபோது கிடைக்காததும் நிஜம்தானே என்று வாதாடினாள். நிதானம் சாப்பிட்டு, கை கழுவி, துடைத்து, அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சும்மா யாரும் நம்பரைத் தேய்க்க மாட்டாங்க. யாரோ வயிறெரிஞ்சு நின்னிருப்பாங்க."

அடுத்த வாரம், தான் அடித்த பெயின்டை அவரே சுரண்டினார். ஆய்வாளர் பஞ்சில் ஆசிட்டைத் தொட்டு ஒற்றினார். எதுவும் தெரியக் கூடாதே என்று நிதானம் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதை மறைப்பானேன். தெரிந்தது. மங்கலாக, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லா இலக்கமும்.

பழைய திருட்டுப் புகார் ஒன்றில் அதே எண் இருந்தது. புகார் கொடுத்தவர் இறந்துவிட்டார். அவர் மகள் வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். லாரியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, நேரே குனிந்து அந்த எண்ணைத் தடவினாள்.

"அப்பா சீட்டாட்டத்துல வண்டியைத் தோத்துட்டு, திருட்டுப் போச்சுன்னு பொய் சொல்றார்னுதான் எல்லாரும் பேசினாங்க. எங்கம்மாவும் நம்பலை. தோத்த வண்டின்னா, ஜெயிச்சவன் நம்பரை எதுக்குங்க தேய்க்கணும்?"

 பிறகு நிமிர்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"வண்டி எனக்கு வேணும் அண்ணே. ஓட்டத் தெரியாது. ஆனா எங்க வாசல்ல நிக்கணும். நீங்க போட்ட செலவைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன்."

நிதானத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. தனக்கே கொடுத்துவிடுவாள் என்று ஒரு மூலையில் நப்பாசை இருந்திருக்கிறது. தன் அசட்டுத்தனத்தைத் தானே நொந்துகொண்டு, சரிம்மா என்றார். பதிவு அவள் பெயரில் முடிந்தது.

லாரியை அவரே ஓட்டிப்போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சந்துபோல் ஒடுங்கிய தெரு. வாசலில் நிறுத்தியதும் பாதித் தெரு அடைபட்டது.

"ஹாரன் அடிங்கண்ணே."

அடித்தார். ஒரு கதவு திறந்தது. இன்னும் அடிக்கச் சொன்னாள். எதிர்வீட்டுப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். லாரியின் நீண்ட மூக்கையும் முகப்பு விளக்குகளையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இது உங்கப்பா வண்டியாச்சே" என்றார்.

"ஆமா. திருடினவன் தேய்ச்ச நம்பர் திரும்பத் தெரிஞ்சிடுச்சு. வந்து பாருங்க."

பெரியவர் வரவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றினார்.

"திருட்டுன்னு உங்கப்பன் சொன்னப்ப, அவன் மூஞ்சிக்கு நேராவே சிரிச்சேனேம்மா."