கல்லறைப் படத்தின் முன் மனோகரி

மனோகரியின் தம்பி மதிவதனன் வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவனாக வேலை பார்த்தான். தாய் இறந்தபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். 2009 சித்திரையில் ஒருநாள் தொலைபேசியில் அவளோடு கதைத்தான். தண்ணீருக்குத்தான் கஷ்டம் என்றான். பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வைகாசியில் போர் முடிந்தது. முகாமிலிருந்து வந்தவர்களிடம் விசாரித்தார்கள். கடைசி நாட்களில் கடற்கரையில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதுவும் அவன்தானோ என்று அவருக்கே நிச்சயமில்லை.

மனோகரியும் கணவர் சிவானந்தராசாவும் மூதூரிலிருந்து சுவிஸுக்கு அகதியாக வந்து ஓல்டன் நகரில் குடியிருந்தார்கள். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே யாராவது இறந்தால் கண்ணை மூடிவிடுவது, தாடையைச் சேர்த்துக் கட்டுவது, முகம் துடைப்பது எல்லாம் அவள்தான். அவள் கை மெதுவான கை என்று மற்றவர்கள் அவளையே கூப்பிடுவார்கள்.

தம்பிக்கு மட்டும் அவள் ஒன்றும் செய்ய விடவில்லை. பக்கத்து ஊரான திரிம்பாக்கில் உள்ள தமிழ்க் கோயிலில் ஆத்மசாந்திக் கிரியை செய்யலாம் என்று உறவுக்காரர் சொன்னபோது, கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். உடம்பு சட்டை மாதிரி, உயிர் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விடும் என்று சிவானந்தராசா ஒருநாள் ஆறுதல் சொல்லப் போனார்.

"அப்ப அந்தச் சட்டையையாவது காட்டுங்கோ," என்றாள்.

சிவானந்தராசா ரயிலில் போய்வரும் பாசல் நகரில் ஓவியக்கூடக் காவலர். படத்துக்குக் கிட்ட யாரும் கை கொண்டு போகாமல் பார்ப்பது வேலை. அவர் நின்ற அறையொன்றில் ஹோல்பைன் என்ற ஓவியர் ஐந்நூறு வருஷத்துக்கு முன் வரைந்த படம் இருந்தது. கல்லறைக்குள் கிடத்திய கிறிஸ்து. ஆள் நீளம், ஒரு முழ உயரங்கூட இல்லாத பலகை. ஒளிவட்டம் இல்லை, தேவதைகள் இல்லை, அழ ஒரு தாயும் இல்லை. கையும் காலும் பச்சை பாரித்து, விலாவில் காயத்தோடு, ஒரு பிணம். கண்ணும் வாயும் திறந்தபடி.

கூட்டங்களைக் கூட்டிவரும் வழிகாட்டிகள் அதன்முன் நின்று எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இந்த உடம்பு எழும்பும் என்று வரைந்தவன் நம்பினானா? நம்பிக்கை போனவன்தான் கடவுளை இப்படி வரைவான் என்பார்கள் சிலர். இல்லை, எழும்புவார் என்று முழுக்க நம்புகிறவனுக்குத்தான் சாவை இவ்வளவு முழுதாகப் பார்க்கத் தைரியம் வரும் என்பார்கள் வேறு சிலர். சிவானந்தராசா சைவர். கடவுளைப் பிணமாக வரைய ஒரு மனுசனுக்கு எப்படி மனம் வந்தது என்று முதலில் அருவருத்தார். வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்றதில் அது மாறியது. செத்ததைச் செத்ததாகப் பார்த்தால்தான் மேலே எதையும் நம்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதை மனோகரிக்குச் சொல்லத் தெரியவில்லை. காட்டலாம் என்று நினைத்தார்.

2012 ஐப்பசியில் அவருக்கு லீவான ஒருநாள், கூட்டிக்கொண்டு போனார். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இது ஆர்?"

"யேசு. சிலுவையிலை இருந்து இறக்கிக் கிடத்தியிருக்கினம்."

"ஒருத்தரும் பக்கத்திலை இல்லையோ?"

"இல்லை."

அவள் கேட்டுக்கொண்டே ஓர் அடி முன்னே போனாள். வலது கை, இல்லத்தில் செய்வதுபோலவே, விரல்களைச் சேர்த்துக்கொண்டு அந்த முகத்தை நோக்கிப் போனது. சிவானந்தராசா யோசிக்கவே இல்லை. எத்தனையோ பேரைத் தடுத்த பழக்கத்தில் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிட்டார். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீடு திரும்ப ரயில் ஏறினார்கள். பெட்டிக்குள் உட்கார்ந்த பிறகு அவள் சொன்னாள்:

"அவன்ரை கண்ணும் இப்பிடித்தான் திறந்து கிடந்திருக்கும். மூடிவிட ஆளில்லை. நீங்கள் என்ரை கையைப் பிடிச்சிட்டியள்."

பிறகு அழுதாள். அந்த மூன்று வருஷத்தில் அதுதான் முதல் அழுகை. எதிரே இருந்த சுவிஸ் பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். சிவானந்தராசா மன்னிப்புக் கேட்டார். அவளுக்குக் கேட்டதோ தெரியவில்லை.

அந்தக் கிழமையே திரிம்பாக்குக்குப் போகவேண்டும் என்று அவளாகச் சொன்னாள். தம்பி இறந்த திதியை ஐயர் கேட்டார். திதி தெரியாதவர்கள் வைகாசி அமாவாசையில் செய்கிறார்கள் என்றும் சொன்னார். மனோகரி மறுத்து, ஓவியக்கூடத்துக்குப் போன நாளைச் சொன்னாள்.

"அண்டைக்குத்தான் ஐயா நான் அவனைச் செத்தவனாய்ப் பாத்தனான்."

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி அந்தத் திதியையே சங்கற்பத்தில் சொன்னார். மழைக்குள் கிரியை முடிந்தது. எள்ளும் தண்ணீரும் அவளே இறைத்தாள்.

இல்லத்தில் இறந்தவர்களைத் தொடும் வேலையை மட்டும் அவள் விட்டுவிட்டாள். மேற்பார்வைப் பெண் காரணம் கேட்டதற்கு, கை சரியில்லை என்றாளாம். பாசலுக்கு மறுபடி வரவில்லை. வீட்டில் தொலைபேசி அடித்தால் முன்பு தம்பியோ என்று சமையலைப் போட்டுவிட்டு ஓடுவாள். இப்போது அது அடித்து ஓய்ந்தாலும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

சிவானந்தராசா மேலிடத்தில் கேட்டு வேறு அறைக்கு மாறிக்கொண்டார். உறவுக்காரர், நல்ல காரியம் செய்தீர்கள், மனுசி தேறிவிட்டாள் என்பார்கள். அவர் ஓம் என்பார். ஆனால் அதுவரை அந்த வீட்டில் மதிவதனன் எங்கோ உயிரோடுதான் இருந்தான். அவனைக் கொண்டுபோய் அந்தப் படத்துக்குள் பிணமாகக் கிடத்தியது தான்தானோ என்ற எண்ணம் அவரைவிட்டுப் போகவே இல்லை.